நாத்தனார் முடிச்சு

தாலி முடிச்சு நீ போடக் கூடாதுன்னு எங்கம்மா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு பத்திக்கினு வந்திருக்காது. சுத்தி வளைச்சுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பெங்களூர் மர்பி டவுன்ல எங்க வீட்டுக்கு வந்து, கட்டில்ல என் பக்கத்துல உக்காந்து, முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கினு, “ரக்ஷிதா, பொண்ணு வீட்டுக்காரங்க கன்னடக்காரங்க இல்ல? அவங்க பக்கம் மூணு முடிச்சும் மாப்பிள்ளையே போட்டுருவானாம். நாத்தனார் முடிச்சுங்கிற பேச்சே கிடையாதாம். நாமளும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்”ன்னுச்சு.

எங்கம்மா எல்லம்மா வாயில இருந்து அனுசரிச்சுப் போறதுங்கிற வார்த்தையை நான் அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். பொண்ணு பார்க்கப் போன வீட்ல சாம்பார்ல வெல்லம் போட்டாங்கன்னு சந்தாபுராவுல இருந்து மர்பி டவுன் வர்ற வரைக்கும் திட்டிக்கினே வந்த பொம்பளை அது.

எங்கள்ல தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மிச்சம் ரெண்டு முடிச்சை அவன் கூடப் பிறந்தவ பொண்ணுக்குப் பின்னாடி நின்னு போடணும். அதுதான் நாத்தனார் முடிச்சு. இனிமே இந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு, இவளுக்கு நான் பொறுப்புன்னு ஊர் முன்னால சொல்றது. எனக்கு ஒரே தம்பி தினேஷ். அவனுக்கு ஒரே அக்கா நான்.

“இதை மமதா வீட்ல சொன்னாங்களா, நீயா சொல்றியா?”ன்னேன். மமதாதான் தினேஷ் கட்டிக்கப்போற பொண்ணு.

“அவங்க எப்படி வாய்விட்டுச் சொல்லுவாங்க? நாமதான் புரிஞ்சிக்கணும்.”

“அப்ப அனுஷா எதுக்கு நேத்து ஸ்டேட்டஸ்ல ‘நாத்தனார் புடவை’ன்னு பட்டுப் புடவை போட்டோ போட்டிருக்கா?”

அனுஷா எங்க சித்தப்பா பொண்ணு. எங்கம்மா முகத்தைப் பார்க்கணுமே! பால் குடிச்ச பூனை மாதிரி தலையைத் திருப்பிக்கிச்சு. அப்புறம் உடைஞ்சு போய் உண்மையைக் கொட்டிருச்சு. “ஐநூறு பேரு பார்ப்பாங்கடி. வீடியோ எடுப்பாங்க. உன் கை நடுங்கி தாலி நழுவி விழுந்துச்சுன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கைக்கு என்ன சகுனம் அது? நாளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட உன்னைத்தானே சொல்லுவாங்க? அனுஷா போடட்டும். நீ பக்கத்துல நின்னு கை வச்சுக்கோ. நீ போட்ட மாதிரிதான்.”

“சாப்பிட்ட மாதிரி இருந்தா உனக்கு வயிறு ரொம்புமா?”

“நான் ஒதுங்கி நிக்கலையா? உங்கப்பா போனப்புறம் உன் கல்யாணத்துலயே தூணுக்குப் பின்னாடி நின்னேன். செத்தா போயிட்டேன்?”

“அது உனக்குப் பண்ண அநியாயம்மா! அதையே தூக்கியாந்து எனக்குப் பண்றியே, உனக்கே நல்லா இருக்குதா?”

அம்மா அழுதுச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா கோபம்தான் பெரிசா இருந்துச்சு.

என் வியாதிக்குப் பேரு மோட்டார் நியூரான் டிசீஸ். சதைக்கு உத்தரவு போடுற நரம்புங்க ஒவ்வொண்ணா செத்துக்கினு வருது. மூளை போன் பண்ணிக்கினே இருக்கும், கை எடுக்காது. உணர்ச்சியெல்லாம் ஒண்ணும் போகல. கொசு கடிச்சா நல்லாவே தெரியும், அடிக்கத்தான் முடியாது. குணமாகாதுன்னு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டாரு. மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான்.

நான் கார்மெண்ட்ஸ்ல லைன் சூப்பர்வைசரா இருந்தவ. நான் ஒரு சத்தம் போட்டா அத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டிப் போய் கடைசி டேபிள்ல விழும். ஒருநாள் சாம்பிள் சட்டைக்குப் பட்டன் போட வரல. மெஷின்ல வேலை செஞ்ச கைதானே, வலிச்சிருக்கும்னு நினைச்சேன். அப்புறம் சாவி திருக வரல. அப்புறம் ஜடை பின்ன வரல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருந்த சதை வத்திப் போய் குழி விழுந்துச்சு. வலது கால் பாதம் தொங்கிப் போச்சு, பிளாஸ்டிக் பட்டை கட்டித்தான் நடக்குறேன். ராத்திரியானா தோலுக்கு அடியில புழு நெளியுற மாதிரி சதை துடிக்கும்.

அதுக்காக மூலையில உக்காந்து மூக்கைச் சிந்திக்கினு இருக்கிற ஜாதி நான் இல்ல. ப்ளவுஸ் கொக்கியெல்லாம் பிச்சுப் போட்டு உள்ள வெல்க்ரோ வச்சுத் தைக்கச் சொன்னேன். ஃபேக்டரி தோழிங்க தைச்சுக் கொடுத்தாளுங்க. டம்ளர் பிடிக்க முடியலன்னா என்ன, ரெண்டு காது வச்ச மக்கு இருக்குது, நீளமான ஸ்ட்ரா இருக்குது. ஸ்பூன் காம்புல சைக்கிள் ஹேண்டில் கவரு மாட்டியிருக்கேன். போன்ல வாயால பேசி மெசேஜ் அடிக்கிறேன். அது என் பெங்களூர்த் தமிழைக் கேட்டுட்டு என்னென்னவோ அடிக்குது, அது வேற கதை. என் புருஷன் மஞ்சுநாத் கேப் ஓட்டுறாரு, ஃபேக்டரியில கட்டிங் செக்‌ஷன்ல இருந்தப்ப லவ் பண்ணிக் கட்டிக்கினது. இப்ப யூட்யூப் பார்த்து எனக்கு ஜடை பின்னக் கத்துக்கினாரு. முதல் வாரம் எலி வால் மாதிரி இருந்துச்சு. இப்ப தெருப் பொம்பளைங்களே யாரு பின்னினதுன்னு கேக்குறாளுங்க.

ஊட்ட வர்றவங்களை மட்டும் பக்கத்துல சேர்க்க மாட்டேன். ஒரு தட்டு சோறு முடிக்கிறதுக்குள்ள ஆறிப் போகும், பாதி மடியில விழும். விழட்டும். என் சோறு, என் மடி.

எனக்கு இந்த வியாதியை விடப் பெரிய எதிரி உச்சுக் கொட்டுறவங்கதான். “பாவம், சின்ன வயசு”ன்னு என் முன்னாலயே மஞ்சுகிட்ட சொல்லுவாங்க. “மாத்திரை சாப்பிட்டாளா?”ன்னு என்னை விட்டுட்டு அவரைக் கேப்பாங்க. வாயும் காதும் நல்லாத்தானே இருக்குது எனக்கு? கை போனா ஆளே போயிட்டான்னு நினைச்சுக்குவாங்க போல.

அன்னிக்கு அம்மா முன்னாலயே மமதாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல வச்சு, “மமதா, உங்க பக்கம் நாத்தனார் முடிச்சு கிடையாதாமே? நான் போட்டா உங்க வீட்ல தப்பா நினைப்பாங்களா?”ன்னு நேராவே கேட்டேன்.

“நம்ம கடே அந்த வழக்கம் இல்ல அக்கா, நிஜ. மூணும் ஹுடுகனே, மாப்பிள்ளையே போடுவாரு. ஆனா நீங்க போடுங்க, யாருக்கும் ஒண்ணும் பேஜாரு இல்ல. எவ்ளோ நேரம் ஆகும்னு மட்டும் சொல்லுங்க, புரோகிதர்கிட்ட முன்னாடியே சொல்லிடறேன்.”

பாவம்னு சொல்லல. பரவாயில்லையான்னு கேக்கல. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா. அந்தப் பொண்ணு மேல எனக்கு அப்பவே ஒரு பிரியம் விழுந்துருச்சு. சாயங்காலம் தினேஷும் வந்தான். “நீதான்கா போடணும். வேற யாரு போடுவாங்க? ப்ராமிஸ்”னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான்.

வீராப்பா பேசிட்டேன், இனிமே கயித்துல பழகணுமே. அல்சூர் மார்க்கெட்ல இருந்து மஞ்சு புது மஞ்சள் கயிறு வாங்கியாந்தாரு. தாலிக்கு முடிச்சுப் போடணும்னா கழுத்து வேணுமே, யாரு கழுத்துல பழகுறது? அவரு கழுத்துதான். ஸ்டூல்ல உக்கார வச்சு, பின்னாடி நான் நாற்காலியில உக்காந்து போட்டுப் பார்த்தேன். நழுவுச்சு. திரும்பப் போட்டேன், நழுவுச்சு. புதுக் கயிறு விறைப்பா நிக்குது, பிடிச்சா வழுக்குது. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரரு கதவைத் திறந்துக்கினு உள்ள வந்து, மஞ்சள் கயிறும் கழுத்துமா உக்காந்திருந்த என் புருஷனைப் பார்த்துட்டு சிலிண்டரை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிடுச்சு.

ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்ற பிசியோ பிரிஜெட் மேடம்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். முடியாதுன்னு சொல்லுவாங்கன்னு பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன். அவங்க என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “கட்டைவிரல் பக்கத்தை மறந்துடுங்க ரக்ஷிதா. இந்த வியாதி அந்தப் பக்கம்தான் முதல்ல தின்னும். சுண்டுவிரல் பக்கம் இன்னும் தெம்பு இருக்குது பாருங்க”ன்னாங்க. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவுல கயித்தை இடுக்கிக் காமிச்சாங்க. நின்னுச்சு! இத்தனை நாளா செத்துப் போன விரல்கிட்டயே போய்க் கெஞ்சிக்கினு இருந்திருக்கேன்.

“உங்களுக்கு மூணு விஷயம் ஆகாது. குளிர், அவசரம், அலுப்பு. விடியக்காலை முகூர்த்தம்னா கையைச் சூடா வச்சுக்கங்க. முன்னாடி நாலு நாள் அந்தக் கைக்கு வேற எந்த வேலையும் கொடுக்காதீங்க. உங்ககிட்ட இருக்கிற தெம்பு இவ்வளவுதான், எதுல செலவழிக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்”னாங்க.

முடிவு பண்ணிட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாலு நாளும் ஸ்பூனைத் தொடல. மக்கைத் தூக்கல. டிவி ரிமோட்டை அமுக்கல. மூக்கு அரிச்சாக்கூட மஞ்சுவைக் கூப்பிட்டேன். ஊட்ட வந்தா கடிச்சு வச்சுருவேன்னு சொன்னவ வாயைத் திறந்து ஊட்டிக்கினேன். மனசுக்குள்ள எவ்வளவு எரிஞ்சுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும், இது முடிச்சுக்கு, இது முடிச்சுக்குன்னு சொல்லிக்கினே முழுங்கினேன். சாயங்காலம் ஒரே ஒரு தடவை, வெந்நீர்ல கையை முக்கி எடுத்துட்டு, மஞ்சு கழுத்துல ரெண்டு முடிச்சு போட்டுப் பார்ப்பேன். விழுந்துச்சு. மெதுவாத்தான், ஆனா விழுந்துச்சு.

ரெண்டாம் நாள் மத்தியானம் அம்மா வந்து வாசல்ல நின்னதை நான் பார்த்தேன். மஞ்சு எனக்கு ரசம் சோறு ஊட்டிக்கினு இருந்தாரு. நான் கையை மடியில ஷாலுக்குள்ள சுருட்டி வச்சிருந்தேன். அம்மா ஒண்ணுமே கேக்கல. கொண்டாந்த முறுக்கு டப்பாவை மேஜை மேல வச்சுட்டு, கண்ணைத் துடைச்சிக்கினு போயிருச்சு. கல்யாண அலுப்புன்னு நான் விட்டுட்டேன்.

முகூர்த்தம் சந்தாபுராவுல, பொண்ணு வீட்டுப் பக்கத்து சத்திரத்துல. தை மாசம், இன்னும் விடியல, வாயைத் திறந்தா புகை வருது. காரை விட்டு இறங்கும்போதே எனக்கு ரெண்டு கையிலயும் கம்பளி உறை, மடியில வெந்நீர் பை, அதுக்கு மேல ஷால். பட்டுப் புடவையும் அதுவுமா பார்க்க டார்ஜிலிங் போறவ மாதிரி இருந்தேன். எதிர்ல வந்த ஒரு பாட்டிம்மா உச்சுக் கொட்டுச்சு. “நமஸ்காரம்மா, டிபன் சாப்பிட்டீங்களா?”ன்னு சத்தமா கேட்டேன். உச்சு பாதியிலயே நின்னு போச்சு.

மேடைக்கு நாலு படி. மஞ்சு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். மமதாவுக்கு நேர் பின்னாடி எனக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. அதை அவளே சொல்லிப் போட வச்சிருக்கா. அனுஷா அந்தப் புடவையைத்தான் கட்டிக்கினு ஓரமா நின்னா. பாவம், என்னைப் பார்க்கவே கூச்சப்பட்டா. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. புரோகிதர் ப்ரஹ்லாத் ஆச்சார் கன்னடத்துல ஏதோ சொல்லிச் சிரிச்சிக்கினே தேங்காய் மேல வச்ச தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடத் தட்டை அனுப்பினாரு. நான் உறையைக் கழட்டச் சொன்னேன். கை நல்லாச் சூடா இருந்துச்சு. சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தேன், மடங்குச்சு. எனக்குள்ள ஒரு துள்ளல். வாடா மகனே வா, இன்னிக்குப் பார்த்துரலாம்.

“கட்டி மேளா, கட்டி மேளா!”ன்னு ஆச்சார் கையை ஆட்டினாரு. எங்க பக்கத்துல இருந்து “கெட்டி மேளம்!”னு கத்தினாங்க. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து பிளந்துச்சு. தினேஷ் எழுந்து குனிஞ்சு தாலியை மமதா கழுத்தைச் சுத்திக் கொண்டாந்தான். அவன் விரலுங்க என் மூக்குக்கு முன்னால இருந்துச்சு. ஒண்ணு போட்டான். நான் கையை நீட்டினேன்.

அவன் விடல. ரெண்டாவது போட்டான். டேய், என்ன பண்றேன்னு கேக்குறதுக்குள்ள மூணாவதையும் போட்டு இறுக்கிட்டான். அட்சதை மழையா கொட்டுச்சு. என் நீட்டின கை மேலயும் நாலு அரிசி விழுந்துச்சு.

மறந்துட்டானோன்னு நினைச்சேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில தெரிஞ்சு போச்சு, மறக்கல. தெரிஞ்சேதான் போட்டிருக்கான். கண்ணு ரெண்டும் கலங்கி இருந்துச்சு.

“அக்கா, கோச்சுக்காதே. அம்மா சொன்னாங்க. உனக்குக் கை சுத்தமா போயிருச்சு, சோறு கூட மாமாதான் ஊட்டுறாரு, கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு... இத்தனை பேரு முன்னாடி நீ கஷ்டப்படுறதை என்னால பார்க்க முடியாதுக்கா.”

அட கடவுளே! நாலு நாள் வாயைத் திறந்து, மானத்தை விட்டு, ஒவ்வொரு பருக்கையா சேர்த்து வச்ச தெம்பு. அதைப் பார்த்துட்டுத்தான் எனக்குக் கை போச்சுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. ஊட்டுறதைப் பார்த்தாங்களே, ஒருத்தராவது ஏன்னு என்னைக் கேட்டாங்களா? குதிரை கீழே தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம். வியாதி தள்ளிச்சு சரி, நீங்க ஏன்டா குழி பறிக்கிறீங்க?

கீழ இருந்து ஆளுங்க வாழ்த்து சொல்ல எழுந்துட்டாங்க. மேளம் அடங்குச்சு. அனுஷா என் தோள் மேல கை வச்சு, “அக்கா, விடுக்கா”ன்னா.

“எதை விடுறது?”ன்னேன். கார்மெண்ட்ஸ் குரல். கடைசி டேபிள் வரைக்கும் போச்சு. படியேறிக்கினு இருந்தவங்க படியிலயே நின்னுட்டாங்க. “யாரும் எழுந்திருக்காதீங்க. கல்யாணம் இன்னும் முடியல. நாத்தனார் முடிச்சு பாக்கி இருக்குது.”

ஆச்சார் பதறிப் போய் என் பக்கம் வந்தாரு. “மூரு கண்ட்டு ஆய்த்தம்மா. மூணும் விழுந்தாச்சு. அவிழ்க்கக் கூடாது, அபசகுனம்.”

“அவிழ்க்கச் சொல்லல சாமி. நாலாவது போடுறேன்.”

“நாலாவதா? அப்படி ஒண்ணு இல்லம்மா. சாஸ்திரத்துல மூணுதான்.”

“மூணுக்கு மேல போட்டா தாலி கோச்சுக்கினு போயிருமா? நாத்தனாருக்கு வியாதி வந்தா அவளை உக்கார வச்சு வேடிக்கை பார்க்கச் சொல்லி உங்க சாஸ்திரத்துல எங்கயாவது இருந்தா காட்டுங்க, நான் எழுந்து போயிடறேன்.”

அம்மா கீழ இருந்து, “ரக்ஷிதா, மானத்தை வாங்காதடி!”ன்னு அழுகையும் அதட்டலுமா கூப்பிட்டுச்சு. தினேஷ், “அக்கா, ப்ளீஸ்க்கா”ன்னான். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு. கழுத்துக்குச் சொந்தக்காரி மட்டும் இன்னும் பேசல. நான் அவளைக் கேட்டேன். “மமதா, உன் கழுத்து. நீ வேண்டாம்னா நான் விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்.”

மமதா திரும்பிக்கூடப் பார்க்கல. மாலையைக் கழட்டி மடியில வச்சா. ஜடையை முன்னால இழுத்துப் போட்டுக்கினு தலையைக் குனிஞ்சா. “ஹாகி அக்கா. நிதானமா போடுங்க”ன்னா. அப்புறம் நிமிராமலே மேளக்காரங்க பக்கம் கையைக் காட்டினா, வாசிங்கன்னு.

மேளம் திரும்ப ஆரம்பிச்சுது. நல்ல வேளை, கயிறு மிச்சம் நீளமாவே தொங்கிக்கினு இருந்துச்சு. ஒரு நுனியை இடது சுண்டுவிரல்ல இடுக்கினேன். வலது கையை மஞ்சு முழங்கையில லேசா தாங்கிப் பிடிச்சாரு. அவ்வளவுதான், விரலைத் தொடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும். ரெண்டாவது நுனியை மேல போட்டு, கீழ விட்டு, மோதிரவிரலால இழுத்தேன்.

நழுவுச்சு.

“ஐயோ!”ன்னு சத்திரமே ஒரே குரல்ல சொல்லுச்சு. இத்தனை நாளா எல்லாரும் பயந்த அபசகுனம் நடந்தே போச்சு, ஐநூறு பேரு முன்னாடி, வீடியோவுல. நான் பார்த்தேன். தாலி அங்கயேதான் இருந்துச்சு. தம்பி போட்ட மூணு முடிச்சுல ஜம்முனு உக்காந்துக்கினு இருந்துச்சு. வானம் இடிஞ்சு விழல. மமதாவுக்குத் தலைவலி கூட வரல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. “பயப்படாதீங்க, எங்கயும் போகாது”ன்னு சத்தமா சொல்லிட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன்.

மெதுவாத்தான் வந்துச்சு. தவில்காரருக்கு வேர்த்து ஊத்துச்சு. நாதஸ்வரக்காரரு மூச்சு வாங்க ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தாரு. “ஊதுங்கண்ணா, இன்னும் ஆகல”ன்னேன், ஊதினாரு. கை ரெண்டும் ஆட ஆரம்பிச்சுது. தோளு எரிஞ்சுது. விரல் நுனி குளிர்ந்துக்கினு வர்றது தெரிஞ்சுது. நாலு நாள் சேர்த்து வச்சதெல்லாம் ஒவ்வொரு சொட்டா அந்தக் கயித்துல இறங்கிக்கினு இருந்துச்சு. இறங்கட்டும், அதுக்குத்தானே சேர்த்தேன். நுனி வளையத்துக்குள்ள போச்சு. சுண்டுவிரலை மடக்கி, முழங்கையோட சேர்த்துப் பின்னால இழுத்தேன்.

விழுந்துச்சு. மூணு முடிச்சுக்குக் கீழ, கோணலா, குண்டா, நாலாவது.

முன் வரிசையில யாரோ பொம்பளைங்க குலவை போட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க கை தட்டினாங்க. ஆச்சார் கையில மிச்சம் இருந்த அட்சதையை எடுத்து ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை போட்டாரு. மமதா பின்னால கையைக் கொண்டாந்து அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தா. நான் அழுதேன். பொய் சொல்வானேன், ஓன்னு அழுதேன். சந்தோஷமும் கோபமும் எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல.

தினேஷ் வந்து என் முன்னால முட்டி போட்டான். பட்டு வேட்டி, கழுத்துல மாலை, மூக்கு சிவந்து போய்க் கிடக்குது. “அக்கா, அடிச்சுரு என்னை”ன்னான்.

“அடிக்கத் தெம்பு இல்லடா, தப்பிச்சே. ஏன்டா என்னைக் கேக்கல?”

“கேட்டா நீ முடியும்னுதானேக்கா சொல்லுவே?”

“ஆமா, சொல்லுவேன். முடிஞ்சா முடியும்னு சொல்லுவேன். முடியாத நாள் வரும், எனக்குத் தெரியாதா? உங்க எல்லாரையும் விட எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு முடியலன்னும் நான்தான் சொல்லுவேன். அதையும் நீங்க எனக்கு முன்னாடி சொல்லக் கூடாது. புரியுதா?”

அவன் தலையை ஆட்டினான். அவனுக்குப் பின்னாடி அம்மா மேடைப் படியில நின்னுக்கினு இருந்துச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், அதுக்கும் தெரியும். வாயில முந்தானையை வச்சிக்கினு என்னையே பார்த்துக்கினு இருந்துச்சு.

அதுக்குள்ள என் ரெண்டு கையும் பிடிச்சிக்கிச்சு. விரலுங்க மடங்கினது மடங்கினபடி, கயித்தை இன்னும் பிடிச்சிருக்கிற மாதிரியே இறுகி நின்னு போச்சு. காலு ரெண்டும் மரக்கட்டை. போட்டோக்காரரு குரூப் போட்டோவுக்கு எல்லாரும் எழுந்து நில்லுங்கன்னு கத்தினாரு. மஞ்சு என் பக்கம் குனிஞ்சாரு. நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன்.

“தினேஷ், இப்ப சொல்றேன் கேட்டுக்கோ”ன்னேன், அம்மாவுக்கும் கேக்குற மாதிரி. “எனக்கு எழுந்திருக்க முடியல. தூக்குடா.”

மாலையைக் கழட்டித் தூரப் போட்டுட்டு அவன் என்னைத் தூக்கினான்.